உங்கள் பூட்டனின் பெட்டியும் என் அப்பப்பாவின் விளக்கும்

சிஞ்ஞோரே,

இன்று பல்லரோச் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில், பழைய சாமான் விற்பவன் அக்கோர்டியன் என்ற பெட்டி வாத்தியத்தை இழுத்து விரித்தான். பூஞ்சணம் பிடித்த தோலின் மணம். மீனை மறந்து, மனதால் போர்கோ வெக்கியோவில் உங்கள் அறைக்குள் போய் நின்றேன்.

அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட உங்களை நான்கு வருடம் பராமரித்தேன். பலெர்மோவில் என்னைப்போல் சவரம் செய்துவிட ஆளில்லை என்று நீங்களே சொன்னீர்கள். சொல்லாவிட்டாலும் அது உண்மை. சவரம் முடியும்வரை உங்கள் பூட்டன் கதைதான். இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலாளி. மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பாலைவனம்வரை கைவண்டி இழுத்து நடந்தவர். ஆளுக்கு இவ்வளவு பாரம்தான் என்றதும், கம்பளியை எறிந்துவிட்டு இதே மாதிரிப் பெட்டியை வண்டியில் வைத்தாராம். குளிரில் சுருண்ட கூட்டத்தை அதை வாசித்தே ஆடவைத்தாராம்.

என் வயிறு எரிந்தது. நானும் கடல் கடந்தவன்தானே? எனக்கு மட்டும் ஏன் அப்படியொரு பூட்டன் இல்லை?

உங்கள் சபை வழக்கப்படி வம்சத் தாளை விரித்து, என் அப்பப்பாவின் பெயரையும் எழுதினீர்கள்.

"என்ன செய்தவர்?"

"நாதஸ்வர வித்துவான். தோணியிலை நிண்டு வாசிச்சா திமிங்கிலம் சுத்தி வரும்."

"எத்தனை?"

"ஏழு."

ஏழு என்றே எழுதினீர்கள், மையால்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "திருவிழாவிலை மேளத்துக்கு லைற் சுமந்த மனிசனை வித்துவானாக்கிப் போட்டியளே! நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"ஓம், ஓம், சொல்லுறன்."

சொல்லவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்ததும் உங்கள் மகள் அந்தத் தாளைத் தந்தார். திமிங்கிலங்களுக்குக் கீழே, பென்சிலில், உங்கள் நடுங்கும் எழுத்து: "நாதஸ்வரத்தைக் கொண்டுபோக இவர் எதை எறிந்தார்? கேட்க வேண்டும்."

எதையும் எறியவில்லை, சிஞ்ஞோரே. எறிய அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெற்றோல்மாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்து முன்னால் நடந்தார். அவர் வெளிச்சம் போன வழியில்தான் மேளமும் சாமியும் போயின.

அந்தத் தாள் இங்கே தங்க எனக்குத் தந்த பெர்மெசோ அனுமதி அட்டையோடு சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்று சந்தையிலிருந்து வந்ததும் வித்துவானையும் ஏழு திமிங்கிலத்தையும் கோடிட்டு வெட்டிவிட்டு, "விளக்குச் சுமந்தவர்" என்று எழுதினேன். எத்தனை விளக்கு? ஒன்றுதான். அதையே எழுதக் குனிந்தேன். உங்கள் பூட்டனின் பெட்டி நினைவுக்கு வந்தது. மனம் பொறுக்கவில்லை.

இரண்டு என்று எழுதிவிட்டேன்.