பச்சைக்கல் விட்ட மூச்சு

செவ்வாய்க் கோள், நாள் 58. மாலை

வழக்கமான பதிவு. பள்ளத்தாக்கின் வடசுவர், மூன்றாம் குகை. எழுதுவது செண்பகவல்லி, படிகச் சேகரிப்பு. கூட இருப்பவர் மாசிலாமணி அண்ணாச்சி, கல் வெட்டுகிறவர். சங்கரன்கோவில் பக்கத்துக் குவாரியில் கை பழகியவர்.

இன்றைய வரவு: டையோப்டேஸ், விரல் நக அளவில் பதினொன்று. செம்பும் மணல்சத்தும் தண்ணீரும் சேர்ந்து, செவ்வாயில் நீர் ஓடிய காலத்தில் வளர்ந்த பச்சைப் படிகம். மரகதம் என்று சொல்லிக் கொடுத்தால் நகைக்கடைக்காரரே ஒரு நிமிஷம் ஏமாறுவார். நான்கு நல்லவை. மீதி நுனி உடைந்தவை. நுனி உடைந்த படிகத்தை எந்த அருங்காட்சியகமும் திரும்பிப் பார்க்காது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் கூண்டு ஒரே அறை, மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, அதில் இரண்டு எலி. வெளிக்கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் செவ்வாய்க் காற்று உள்ளே வந்துவிடுகிறது. அது முழுக்கக் கரியமில வாயு. உடனே சுவரிலிருக்கும் அலாரம் கத்தும். சுத்திகரிப்பான் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடும், ஆனால் அலாரம் அரை மணி கத்தும். புலி வருது கதைதான். எல்லாக் கூண்டிலும் செய்வதைப்போல நாங்களும் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். உறக்கம் வருகிறது.

நாள் 60. மதியம்

கிடைத்துவிட்டது. குகையின் பின்சுவரில் ஒரு பொந்து. அதற்குள் தாய்க்கல்லோடு ஒட்டிய ஒரே கொத்து. கட்டைவிரல் நீளப் படிகங்கள், ஒன்றின் நுனிகூட உடையவில்லை. மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் படிவம் மூடியிருக்கிறது. அதுதான் இத்தனை யுகமாக அதைக் காப்பாற்றியிருக்கிறது.

அண்ணாச்சி அடிப்பக்கம் வெட்டி முடிக்கும்போது மேற்பாறை சரிந்தது. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு உருண்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. விண்வெளி உடுப்பும் கிழிந்தது. கிழிசலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே அவரைக் கூண்டுக்குள் இழுத்து வந்தேன். தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கல்லுக்கு அடி பட்டுருச்சா தாயி?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை அண்ணாச்சி என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டுப் போட்டு, வலி ஊசி போட்டு, கீழ்ப் படுக்கையில் கிடத்தினேன். தளத்துக்குச் சொன்னேன். அங்கே ரேடியோ பார்க்கும் ஜெசிந்தாவின் பதில்:

“யக்கா, இங்க மண்ணுக்காத்து கண்ணு மண்ணு தெரியாம அடிக்கி. வண்டி நாளைக்குக் கெளம்பி, நாளான்னிக்கு மதியம் ரெண்டு மணிக்குள்ள வந்துரும். அண்ணாச்சி படுத்துக்கிட்டு வரணும்லா, அதனால எடம் கெடையாது. ஒரே ஒரு கல்லுதான், அஞ்சு கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாவ. பாத்துக்கிடுங்க.”

கல்லை நிறுத்துப் பார்த்தேன். ஏழு கிலோ.

நாள் 61. காலை

வெட்டிக் குறைக்க வழியில்லை. அதிர்ந்தால் படிகம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதர் காலைக் கொடுத்து வாங்கிய கல் இது. ஊர் போய்ச் சேர்ந்து அவர் தாங்கித் தாங்கி நடக்கும்போது, எதற்காக என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு மட்டும் இரண்டு கிலோவாவது இருக்கும். அதைக் கரைத்துவிட்டால் எடை சரி. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்: நீர்த்த வினிகர் அமிலத்தில் கல்லை ஊறப்போடுவது. சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், பச்சை அப்படியே நிற்கும். கோவில்பட்டியில் கொல்லைப்புறத்தில் எத்தனை வாளி வைத்திருக்கிறேன்! இங்கே வெளியே வைத்தால் அமிலம் கொதித்து உறைந்துபோகும். உள்ளேதான் வைக்க வேண்டும். அண்ணாச்சியின் படுக்கைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தேன். கண் விழித்தால் பார்க்கட்டும்.

புழுதியால் சூரிய மின்தகடுகள் பாதிதான் வேலை செய்கின்றன. காற்றாடியைக் குறைத்து வைத்தேன். கூண்டு அமைதியாகிவிட்டது. தொட்டி நுரைக்கும் சத்தம் மட்டும், உலையில் அரிசி கொதிப்பதுபோல.

நாள் 61. இரவு

மூன்றாவது முறை அமிலம் மாற்றினேன். பாதிப் பச்சை வெளியே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி மதியம் தலையை இடிக்கிறது என்றார். அப்புறம் தூங்கிவிட்டார். நேற்றெல்லாம் முனகியவர் இன்று முனகவில்லை. ஊசி கேட்கவுமில்லை. நல்ல தூக்கம் என்று சந்தோஷப்பட்டேன். எனக்கும் தலை வலிக்கிறது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை, வலிக்காமல் என்ன செய்யும். மேலே ஏறிப் படுக்கப் போகிறேன்.

நாள் 62. காலை 08:40

எழுந்திருக்க நேரமாகிவிட்டது. இறங்கித் தொட்டியைப் பார்க்கக் குனிந்தேன். கண் இருட்டியது. நிமிர்ந்தால் கொஞ்சம் தேவலை. மறுபடி குனிந்தேன், மறுபடி இருட்டியது.

நுரை. கடவுளே, நுரை.

சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்தால் வருவது கரியமில வாயு. பள்ளிக்கூடத்துப் பாடம். கொல்லைப்புறத்தில் அது காற்றோடு போய்விடும். இங்கே எங்கே போகும்? இரண்டு கிலோ சுண்ணாம்பு, ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க விடும் மூச்சுக்குச் சமம். இரண்டு எலி இருந்த வளைக்குள் மூன்றாவதாக ஒன்றை நானே கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறேன். காற்றாடியைக் குறைத்ததால் கனமான வாயு தரையோடு தங்கிவிட்டது. அண்ணாச்சி அதற்குள்தான் படுத்திருக்கிறார். அது தூக்கமில்லை.

அலாரம் ஒயரை மாட்டினேன். மாட்டிய நொடியில் கத்தத் தொடங்கியது.

09:15

அவரை மேல் படுக்கைக்குத் தூக்கினேன். இங்கே எடை மூன்றில் ஒரு பங்குதான், அதனால் முடிந்தது. உதடு நீலம். மூச்சு இருக்கிறது, நாய்போல இரைக்கிறார். காற்றாடி முழு வேகத்தில்.

கல் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. தொட்டியோடு கதவிடை அறையில் வைத்து, உள்கதவை மூடி, வெளிக்கதவு வழியாகத் தள்ளிவிட்டேன். யோசிக்கவில்லை. ஊறிய அமிலம் உள்ளேயே உறைந்து, கொத்து வெடித்துச் சிதறியது. சன்னல் வழியாகப் பார்த்தேன். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. ஆனால் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

09:50

நடந்ததைத் தளத்துக்குச் சொன்னேன். ஜெசிந்தாவின் பதில்:

“யக்கா, வண்டி பாதிவழி தாண்டிட்டு. ரெண்டு மணிங்கிறது மாறாது. அதுக்கு முந்தி வர வழியே இல்லக்கா. அளவு எறங்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

இறங்கவில்லை. சுத்திகரிப்பான் திணறிவிட்டது. உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டுப் புதிதாக நிரப்ப ஆக்சிஜன் கையிருப்பு போதாது. என் உடுப்பில் கரியமில வாயுவை உறிஞ்சும் புது வடிகட்டியைக் கழற்றிச் சுத்திகரிப்பானில் பொருத்தினேன். இப்போது வாயுமானியின் முள் அசையாமல் நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த அளவில் அவர் மதியம்வரை தாங்கமாட்டார்.

ஒரு ஆள் மூச்சு குறைந்தால் இறங்கும். கணக்கு அவ்வளவுதான்.

10:20. குரல் பதிவு, வெளியிலிருந்து

என் உடுப்பில் அண்ணாச்சியின் கிழிந்த உடுப்பிலிருந்த பழைய வடிகட்டியைப் போட்டிருக்கிறேன். முக்கால்வாசி தீர்ந்தது. அசையாமல் உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை வரும் என்று காட்டுகிறது. பேசினால் குறையும். தெரியும்.

கூண்டின் முள்ளை இங்கிருந்தே பார்க்கலாம். இறங்குகிறது. நன்றாக இறங்குகிறது. நான் திரும்பி உள்ளே போனால், கதவு வழியே வரும் வாயுவும் என் மூச்சும் சேர்ந்து மறுபடி ஏறிவிடும்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். “யக்கா, அசையாம இரிங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றாள். அழுகிறாள் போலிருந்தது.

12:05

அண்ணாச்சியின் குரல். உள்ளே ரேடியோவை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தது நல்லதாயிற்று.

“தாயி... எங்க போயிட்ட? மண்டையெல்லாம் வலிக்கி.”

“இங்கதான் வாசல்ல இருக்கேன் அண்ணாச்சி. வண்டி வருதான்னு பாத்துக்கிட்டு.”

“கல்லு?”

காலடியைச் சுற்றிலும் பச்சைத் தூள். வெயிலில் மின்னுகிறது. ஒரு துண்டுக்கும் நுனி இல்லை.

“பத்திரமா இருக்கு அண்ணாச்சி. நீங்க தூங்குங்க.”

12:40

உடுப்பின் அலாரம் கத்துகிறது. அணைக்கும் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில்தான். அணைக்கவில்லை. இந்த முறை புலி வந்திருக்கிறது.

களைப்பாக இருக்கிறது. அவர் குறட்டை விடுகிறார், ரேடியோவில் கேட்கிறது. சீரான குறட்டை.

இதைக் கேட்கிறவர்களுக்கு ஒன்று. கல் உடைந்ததை அவரிடம் உடனே சொல்ல வேண்டாம். முதலில் கால்

12:58

மூச்சு... எண்ணிப் பார்த்தேன். அவருடையது. சரியாக