கேட்டில் தொங்கிய ஊதாக் குடை

இன்று காலை அம்பத்தூரில் நல்ல மழை. என் குடையை மகள் எடுத்துப் போய்விட்டாள். பீரோ ஓரம் சாத்தி வைத்திருந்த உன் ஊதாக் குடையை எடுத்தேன். வளைந்த கைப்பிடியில் கேட் கம்பி உரசிய துரு இன்னும் போகவில்லை. விரிக்க மனம் வராமல் நனைந்துகொண்டே பால் வாங்கி வந்தேன்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் பாகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தோம். ஒருநாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு உன்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் காரணம் கேட்டார்கள். மாதவிலக்கு வலி என்று அத்தனை ஆண்களுக்கு நடுவே எப்படிச் சொல்வாய்? அந்த மாதமே வேலையை விட்டாய். கள்ளிக்குப்பத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக உட்கார்ந்து, அதே படங்களை கான்ட்ராக்டுக்கு வரைய ஆரம்பித்தாய்.

"நைட்டியோட குந்திகினு வேலை செய்றேன்டி. பதினோரு மணிக்கு சுடச்சுட சோறு. புடிக்காத வேலைய வேணாம்னு சொல்லிர்லாம். ஏன் வரலைன்னு கேக்க ஒருத்தன் கெடையாது!" அந்தக் கடைசி வரியை நீ சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து நானும் விட்டேன்.

நீ சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்து வரைந்தேன். எவனிடமும் லீவு கேட்டுப் பல்லிளிக்கவில்லை.

வீட்டில்தானே சும்மா இருக்கிறாள் என்று தெருவே உன் கதவைத் தட்டியதால்தான் குடை வந்தது. கேட்டில் ஊதாக் குடை தொங்கினால் அவசர வேலை, மணி அடிக்கக் கூடாது. போனையும் கவிழ்த்து வைத்துவிடுவாய். ஒருமுறை நான் அடித்துவிட்டேன். "அறிவு கீதாடி உனுக்கு? கொடை கண்ணுக்குத் தெர்ல?" என்று திட்டினாய். அன்றிலிருந்து யார் மீறினாலும் நான் மீறியதில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பு கொண்டு வந்தேன். குடை தொங்கியது. தூக்குவாளியைப் பையோடு அதன் பக்கத்தில் மாட்டி, 'குழம்பு கேட்ல கீது' என்று மெசேஜ் போட்டுவிட்டுத் திரும்பினேன். உன் ஒழுங்கை மதிக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

மறுநாள் காலை உனக்கு வேலை கொடுக்கும் பார்ட்டி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அவங்க மீதிப் படம் அனுப்பல மேடம், ரிப்ளையும் இல்ல. நீங்க முடிச்சிக் குடுக்கிறீங்களா?" சரி என்றேன். உனக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவரும் உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ விட்ட இடத்திலிருந்து சாயங்காலம்வரை வரைந்து முடித்தேன்.

அதைச் சொல்லத்தான் அன்று உன் வீட்டுக்கு வந்தேன். குடையும் தூக்குவாளியும் மாட்டியபடியே இருந்தன. பையெல்லாம் எறும்பு.

பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாய். மூச்சு இருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். "நேத்தே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டாய். முந்தின நாள் மத்தியானம் நான் உன் கேட்டில் நின்றேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் இன்னும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறேன். திரும்பிப் போய் கம்பெனி வாசலில் கார்டு தேய்க்க எனக்கும் முடியாது. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு, நம்மைப் போலத் தனியாக வீட்டில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்குப் போன் செய்கிறேன். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பேன். "வேல நேரத்துல இன்னா தொல்லைக்கா!" என்று அவர்களில் ஒருத்தி, பருத்திப்பட்டுக்காரி, தினம் எரிந்து விழுகிறாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்குகிறது.

அன்று மணியை அடித்திருந்தால் நீ திட்டியிருப்பாய், இல்லை பதில் வராமல் அன்றே கதவை உடைத்திருப்போம். இரண்டில் எது நடந்திருந்தாலும் நீ இருந்திருப்பாய்.