கோட்டைச் செங்கல்

1936, ஆவணி 5, விளாங்குடி.

தங்கை கணவரோடு போய் அந்தக் கடற்கரைக் கோட்டையைப் பார்த்துத் திரும்பினேன். நம்மை ஆள வந்த டச்சுக்காரர்கள் கட்டியது. பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியை ஆடுகள் ஆள்கின்றன.

மாப்பிள்ளை அதில் ஒரு செங்கல்லைப் பெயர்த்துத் துண்டில் முடிந்துகொண்டார். நாளை அவர் கட்டும் வீட்டுக்கு அஸ்திவார பூசை. அதுதான் முதல் கல்லாம்.

"வெள்ளைக்காரன் கல்லு மச்சான், அசையாது."

"கோட்டையே விழுந்து கெடக்கே, மாப்ள?"

"அது கடலடிச்சு விழுந்தது. விளாங்குடியில ஏது கடலு?"



தங்கை அந்தக் கல்லைக் கழுவி மஞ்சள் பூசி வைத்திருக்கிறாள். அவளும் இரண்டு பிள்ளைகளும் அதன்மேல்தான் குடியிருக்கப் போகிறார்கள்.

"அண்ணே, ஒன் கையால வச்சுக் குடு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.