வலது கால் மட்டும்

7-3-1999, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் ஒரு புதுமையை அறிவித்தார். இயேசு சீடர்கள் காலைக் கழுவிய நினைவாக, இந்தப் பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேர் கால்களை அவர் மட்டும் கழுவப்போவதில்லையாம். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை ஆட்களும் ஆளுக்கு ஒருவர் காலைக் கழுவ வேண்டுமாம். "பதவியில இருக்கறவங்க கொஞ்சம் குனியட்டும்" என்றார். பேரவை ஆட்கள் தொப்பையைத் தடவிக்கொண்டார்கள்.

கழுவப்படப்போகிறவர்கள் பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளிகள். ஆண்கள் மட்டும். அப்போஸ்தலர்கள் ஆண்களாம். அப்படியானால் சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற பெண்கள் நாங்கள் யார்?

14-3

ஓவர்டைம். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பூசையைத் தவறவிடுவது பாவம் என்று எங்கள் கார்மென்ட்ஸ் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நரகத்தைப் பற்றிக் கவலையில்லை, ஷிப்மென்டைப் பற்றித்தான்.

17-3

ஓஸ்வால்ட் சார் வீட்டுக்கு வந்தார். இன்று பேரவைச் செயலாளர். ஐந்து வருடத்துக்கு முன் அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பாரம் தூக்கும் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று அப்பா சொல்லியும் "சும்னே தூக்கு, ஒண்ணும் ஆவாது" என்றவர். சங்கிலி அறுந்து, இரும்பு அச்சு அப்பாவின் இடது காலில் விழுந்தது. மூன்று விரல் போனது. விசாரணையில், தொழிலாளி சின்னப்பா, அதாவது அப்பா, வேலை நேரத்தில் குடித்திருந்தார் என்று எழுதிக் கொடுத்தவரும் இவரே.

வேலை போனது, குடிகாரன் என்ற பேர் பர்மனென்ட் ஆனது. சண்டை வந்தால் அம்மாவும் அதைத்தான் எடுப்பாள். அப்பா இப்போது வாட்ச்மேன். வலது காலில் செருப்பு, இடது காலில் எப்போதும் ஒற்றைக் கேன்வாஸ் ஷூ.

ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். பதினைந்து வயது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"உன் கால நாந்தான் கழுவணும்னு ஃபாதர்கிட்ட கேட்டு வாங்கிக்கினேன், சின்னப்பா. பழசெல்லாம் ஆண்டவர் சன்னிதில சரி பண்ணிக்கலாம்" என்றார் ஓஸ்வால்ட் சார்.

சரி பண்ண இது என்ன சைக்கிள் செயினா?

வாசலில் நின்று மறக்காமல் சொன்னார்: "வலது கால் மட்டும்தான், வழக்கம் தெரியும்ல. நல்லா கழுவி, நகம் வெட்டிக்கினு வா. வீடியோ எடுக்கறாங்க."

அவர் போனதும் அப்பாவைக் கேட்டேன், "ஏம்பா ஒத்துக்கினே?"

"கூப்ட்டாரு. போறேன்."

இவ்வளவுதான் இவர். இதனால்தான் எல்லோரும் ஏறி மிதிக்கிறார்கள்.

1-4, பெரிய வியாழன்

முட்டாள்கள் தினமும் இன்றுதான். காலண்டருக்கே குசும்பு.

பன்னிரண்டு பேரும் கழுவின கால்களோடு கழுவிக்கொள்ள வந்திருந்தார்கள். ஆட்டோ சந்தானம் அண்ணன் காலுக்குப் பவுடர் போட்டிருந்தார். அவர் பெண்டாட்டி, "கல்யாணத்தன்னிக்கிகூட இந்தக் கால் இப்டி இல்ல" என்றாள்.

ஓஸ்வால்ட் சார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் மண்டியிட்டார். வீடியோக்காரன் லைட்டைத் திருப்பினான். அப்பா வலது செருப்பைக் கழற்றவில்லை. குனிந்து கேன்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். மெதுவாக. இடது காலைத் தாம்பாளத்தின் மேல் வைத்தார்.

அந்தக் காலை இந்தக் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. வீடியோக்காரன் லைட்டை இறக்கிவிட்டான்.

"இந்தக் கால்தான், சார்" என்றார் அப்பா.

ஓஸ்வால்ட் சார் சொம்பைச் சாய்க்காமலே இருந்தார். பக்கத்தில் ஐந்து கால்கள் கழுவி முடிந்துவிட்டன. பிறகு தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார், எதையோ முணுமுணுத்தார். அழுதார் என்றாள் அம்மா. வீடியோவுக்கு என்றேன் நான்.

வீட்டில் கேட்டேன், என்ன சொன்னார் என்று.

"அன்னிக்கு நீ குடிக்கலன்னு சொன்னாரு."

பொய் கம்பெனி லெட்டர்ஹெட்டில். உண்மை மட்டும் காதோடு. என்ன நியாயம் இது? "மைக்குல சொல்லச் சொல்லுப்பா."

"என்கிட்ட சொல்லிட்டாரு. போதும்."

உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது.

2-4, பெரிய வெள்ளி

ஒருசந்தி. வெறும் வயிற்றில் கோபம் நன்றாக வருகிறது. அப்பாவிடம் சொல்லாமல் ஓஸ்வால்ட் சார் வீட்டுக்குப் போனேன்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும், சார்."

"சொல்றேம்மா. நான் எழுதினது பொய்தான். ஆனா விஜி, ஆஸ்பத்திரில உங்கப்பா மூஞ்சிகிட்ட போயி ஊதச் சொன்னது யாரு? நான் கதவாண்டதான் நின்னுனு இருந்தேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். நான்தான். குடித்திருந்தார் என்று ஓஸ்வால்ட் சார் அங்கேயே சொன்னதும், கால் முழுக்கக் கட்டோடு கிடந்தவரை ஊதச் சொன்னேன். ஊதினார். டீ வாசனை வந்தது. டீ மட்டும்தான். அப்போது அப்பா சனிக்கிழமை மட்டும் குடிப்பவர், அது புதன்கிழமை. ஆனாலும் நான் அந்த வாசனையை நம்பவில்லை, சூப்பர்வைசர் சட்டையை நம்பினேன். வளர்ந்த பிறகுதான் ஓஸ்வால்ட் சார் சொன்னது பொய் என்று புரிந்தது. அப்போதாவது அம்மாவிடம் சொன்னேனா? ஐந்து வருடம் சண்டையில் அவள் அந்த வார்த்தையை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்?

யாரும் என்னைக் கேட்கவில்லை. அது ஒரு சாக்கா?

4-4, ஈஸ்டர்

ஓஸ்வால்ட் சார் சொல்லிவிட்டார். பூசை முடிவில் மைக் பிடித்து, சைக்கிள் ஸ்டாண்டில் கிடைத்த சாவி பற்றின அறிவிப்புக்கும் கேக் விநியோகத்துக்கும் நடுவில்: "சின்னப்பா குடிச்சிருந்தாருன்னு நான் எழுதிக் குடுத்தது பொய். சங்கிலி தேஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும்." பிறகு, கேக்குக்கு வரிசையில் வரச் சொன்னார்.

அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். மத்தியானம் கறிக்குழம்பில் நெஞ்செலும்பை அப்பாவுக்கு வைத்தாள். வழக்கமாக எனக்கு வருவது.

ஓஸ்வால்ட் சாரைப் பற்றி நக்கலாக எழுதத்தான் நோட்டை எடுத்தேன். வரவில்லை. உண்மையைச் சொல்வதில் அவர் என்னை முந்திக்கொண்டார்.

6-4

அப்பாவிடமும் அம்மாவிடமும் இன்றும் சொல்லவில்லை.

11-4, ஞாயிறு

அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் குனிந்து உட்கார முடியாது. நகம் வெட்டுவது அம்மா. இன்று அவள் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வலது கால். பிறகு அவர் கேட்காமலே ஷூவைக் கழற்றினேன்.

"அப்பா, ஆஸ்பத்திரில உன்ன ஊதச் சொன்னேன்ல. டீ வாசனதான் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட."

"தெரியும்" என்றார். காலைக் கொஞ்சம் நகர்த்தி, "சுண்டு விரல பாத்து வெட்டு. சதையில பட்டுறப் போவுது" என்றார்.

இடது காலில் இரண்டு நகம்தான். ஆனாலும் வெட்டி முடிக்க நேரமாகிவிட்டது. அம்மா வந்ததும் அவளிடமும் சொன்னேன்.