மஞ்சள் சட்டை

தூரத்தில் இருக்கும் உங்களுக்கு,

இங்கே செஃப்ரூவில் மழை விட்டுவிட்டது. நம் மகள் இத்தோவின் உடைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். கொடுத்துவிட்டேன், மஞ்சள் சட்டையைத் தவிர. அதைத் துண்டு துண்டாக வெட்டி உருட்டி, ஜெலாபா அங்கி தைத்து மிஞ்சிய பட்டுநூலை மேலே சுற்றி, மணிகளாக்கி ஒரு மாலை கோத்தேன். எனக்காகத்தான்.

நான் வெளியே போயிருந்தபோது உங்கள் தங்கை ஹத்தூம் அதையும் கடையில் விற்க வைத்திருந்த மாலைகளோடு சேர்த்து விற்றுவிட்டாள்.

"முதல்ல போனதே அதுதான் அண்ணி. இன்னும் நாலு செய்யுங்க" என்றாள்.

நேற்று சந்தையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு ஓடினாள். அவள் வீட்டு வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"எதுக்கு அத்தை என் பின்னாடியே வர்றீங்க?"

"முடிச்சு அவுந்திருக்கு கண்ணு, திரும்பு."

கழற்றி எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். பிடரியில் விரல் பட்டது. அந்தச் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது. முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெருநாளுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அன்று ஆற்றில் இத்தோவின் கையை ஏன் விட்டீர்கள் என்று இனிமேல் கேட்க மாட்டேன். வாருங்கள்.

அவளுடைய அம்மா