நானூற்று அறுபத்து மூன்றைப் பிரிக்க முடியாது

என் பிரியமுள்ள செல்லத்தாயி,

நீ கண்மூடி நாற்பது நாளாகிறது. வரும் வெள்ளிக்கிழமை நம் கோயில் கும்பாபிஷேகம். வேண்டுதல் நோட்டில் உன் பெயரை அடிக்கச் சொல்கிறார்கள். நான் அடிக்கவில்லை.

முருகன் பெயரை லட்சத்து எட்டு முறை சொல்வதாக நாம் இருவரும் வேண்டிக்கொண்டபோதே கோயில் செயலாளர் சிரித்தாரே, நினைவிருக்கிறதா? "ஏனுங்க அம்மிணி, ஆயிரத்தெட்டே நூத்தியெட்டு மணி மாலையில அடங்காதுங்க. லட்சத்தெட்டு எங்க அடங்கும்?"

பாதி சரிதான். ஆயிரத்தெட்டை நூற்றெட்டால் வகுத்தால் முப்பத்தாறு மிஞ்சும். ஆனால் லட்சத்தெட்டை நான் முதலில் நான்கால் வகுத்தேன், பிறகு இருபத்தேழால். ஒரு மணி மிஞ்சாமல் தொள்ளாயிரத்து இருபத்தாறு மாலை! ஆளுக்கு நானூற்று அறுபத்து மூன்று. "யக்கா, பள்ளிக்கூடத்துல இப்பிடிச் சொல்லியிருந்தா நான் படிச்சிருப்பேம்லா" என்றாய். எட்டாவதோடு நின்ற நான் மட்டும் எங்கே படித்தேன்?

மாலை உருட்ட உனக்கு ஏது நேரம்? பனியன் கம்பெனி ஓவர்லாக் மிஷினில் ஒரு பீஸ் தைத்தால் ஒரு பெயர். பன்னிரண்டு பீஸ் ஒரு கட்டு, ஒன்பது கட்டு ஒரு மாலை. ஷிப்ட் முடிந்து வந்து நீ சொல்வாய், நான் எழுதுவேன். காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின நாள் உன் கடைசி மாலையையும் எழுதிவிட்டேன்.

நேற்று செயலாளர் வீட்டுக்கே வந்தார். "மிஷின்ல உக்காந்து சொன்னதெல்லாம் சேராதுங்க. ஆளும் போயிட்டாங்க. அந்தப் பங்க பஜனைக்கு வர்ற ஏழு பேருக்குச் சமமாப் பிரிச்சு உடுங்க, புதுசாச் சொல்லட்டும்."

"ஆளுக்கு அறுபத்தாறு. ஒண்ணு மிஞ்சுதுங்க."

"அப்ப ஆறு பேரு."

"எழுபத்தேழு. ஒண்ணு மிஞ்சுதுங்க."

"மூணு பேரு சொல்லட்டுமே!"

"நூத்தியம்பத்தி நாலு. அப்பவும் ஒண்ணு. பதினோரு பேரக் கூட்டியாந்தாலும் அதே ஒண்ணுதானுங்க."

"இதென்னங்க வம்பாப் போச்சு! அந்த ஒண்ண யாராச்சும் ஒருத்தர் சேத்துச் சொல்லட்டும்."

"அந்த ஒருத்தி எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தானுங்க போயிருக்கா."

நான்கு பேர், ஐந்து பேர் என்றால் மூன்று மிஞ்சும். இருபத்தொன்று வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன், எதுவும் சரியாகப் போகவில்லை. அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. இருபத்திரண்டை இருபத்திரண்டால் பெருக்கினாலே நானூற்று எண்பத்து நான்கு, உன் எண்ணைத் தாண்டிவிடும். ஒன்றும் அதுவும் தவிர நானூற்று அறுபத்து மூன்றை வகுக்க எந்த எண்ணும் இல்லை.

கமிட்டியில் பேசிச் சொல்வதாகப் போயிருக்கிறார். பேசட்டும். மிஷின் சத்தம் கேட்காத மூலையிலா நம் முருகன் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான்?

வெள்ளிக்கிழமை சன்னிதியில் நோட்டிலுள்ள தொள்ளாயிரத்து இருபத்தாறு மாலையையும் நானே படிப்பேன், உன் பெயரை முதலில் வைத்து. மைக் தராவிட்டால் தொண்டை இருக்கிறது. உன் பங்கு சேராது என்றால் என் பங்கையும் அடித்துவிடச் சொல்வேன். பாதி வேண்டுதலைக் கொண்டுபோய் அவன் முன் நிற்க மாட்டேன், செல்லத்தாயி. இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டுக் கூப்பிட்டே அக்காவான
சரஸ்வதி