நாலு மணி பத்து நிமிஷத் தூரம்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் முழங்கால்கூட இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், இப்போது முழுக்கதையும் கேள். நீ மேடையில் மெடல் வாங்கி இறங்கியதும் உன்னைக் கட்டிக்கொண்டு அரை மணியில் கிளம்பினேனே, இதுக்காம்மா இவ்ளோ தூரம் வந்தே என்று அழுதாயே, லீவு இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். உண்மையில், அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் தொழிற்சாலை கேன்டீன் அடுப்பு பற்றவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் கரண்டி வேறு ஆள் கையில் என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் திருப்பிப் பார்ப்பாரே, நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுவோமே, அவர்தான். அதற்குள் திரும்பி வந்துவிடுவேன் என்றதற்கு, ஃப்ளைட் என்ன உன் வாசல்ல நிக்கிற ஆட்டோவா என்று முன்னூறு பேர் சாப்பிடும் இடத்தில் வைத்துக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நானும் அப்பாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூவாயிரத்து நூறு கிலோமீட்டர், பறக்க நாலு மணி பத்து நிமிஷம். விமானம் கிளம்பும் உங்கள் ஊர் மதியம் ஒன்றரை நமக்குக் காலை பதினொன்று, அதனால் மூன்று பத்துக்கு இறங்கிவிடலாம், பஸ் பிடித்தாலும் நாலரைக்குக் கேன்டீன் வாசல், ஒரு மணி நேரம் கையிருப்பு என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் விமானம் கிளம்பவே நாற்பது நிமிஷம் தாமதம். போதாததற்குப் பக்கத்து சீட்டுக்காரர், திரும்பும்போது எதிர்க்காற்றும்மா, இருபத்தஞ்சு நிமிஷம் கூட ஆகும் என்றார். போகும்போது எடுக்கிற நேரம்தானே வரும்போதும் என்று நினைத்தது என் தப்பு. மேகத்தைப் பார்க்கவா மனசு வரும், வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படிக் கூட்டினாலும் ஐந்து நிமிஷம் லேட்!

நாலே காலுக்கு இறங்கினேன். பெட்டி கிடையாது, தோள்பை மட்டும்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடாத குறை. வெளியே அப்பா ஸ்கூட்டரோடு நிற்கிறார்! விமானம் தாமதம் என்று போனில் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே வந்திருக்கிறார். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாத மனுஷர், சரக்கு லாரி போகும் பின்பக்கச் சாலையில் விட்டார் பார், என் கண்ணில் தண்ணீர், காற்றாலா வேறு எதனாலா தெரியவில்லை. ஐந்து இருபதுக்குக் கேன்டீன். நீ மேடையிலிருந்து பார்த்த அதே பட்டுச் சேலை மேலேயே ஏப்ரனைக் கட்டி, ஐந்து இருபத்தெட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.

கடிகாரம் கதவருகே வந்து நின்றார். கையைத் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் நீ மெடலோடு நிற்கும் போட்டோவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், வெல்டிங் பிரிவுக்காரர்கள் தட்டில் ஸ்பூனால் தாளம் போட்டார்கள். கடைசியாக அவரும் தட்டோடு வந்தார். போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தடவை ரெண்டு நாள் லீவு எழுதிக் குடும்மா, பிள்ளையோட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டு வா என்றார். எழுதிக் கொடுத்தும்விட்டேன்.

புதன்கிழமை இன்டர்வியூவுக்கு முதல் நாளே பஸ்ஸில் போய் அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள். தொட்டதெல்லாம் துலங்கி நீ நூறு வருஷம் நன்றாக இருக்கணும்.

உன்னைப் பெற்றதில் தலைகால் புரியாமல் திரியும்,
அம்மா